ஆறு டாலர் கிரீடம்

2020 செப்டம்பரில் நியூயார்க்கின் சோத்பீஸ் ஏல நிறுவனம், ஹிப்-ஹாப் தொடர்பான பொருட்களுக்கென்றே முதன்முறையாக ஓர் ஏலம் நடத்தியது. அதில் ஒரு பிளாஸ்டிக் கிரீடமும் வந்தது. பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் தலையில் வைத்துவிடுவோமே, அந்த ரகம். தங்க நிறப் பூச்சு, நவரத்தினம் என்று சொல்லிக்கொள்ளும் வண்ண மணிகள், உள்பக்கம் இரண்டு கையெழுத்துகள். அதை 6 டாலருக்கு வாங்கியதாக அதன் சொந்தக்காரரான புகைப்படக்காரர் பாரன் கிளேபோர்ன் சொல்லியிருக்கிறார். 2 லட்சத்திலிருந்து 3 லட்சம் டாலர் வரை போகும் என்று எதிர்பார்த்தார்கள். போனது 5,94,750 டாலருக்கு.

1997 மார்ச் 6 அன்று நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற ராப் பாடகரின் தலையில் அந்தக் கிரீடத்தைச் சாய்த்து வைத்து, சிவப்புப் பின்னணியில் நிறுத்தி, கிளேபோர்ன் ஒரு பத்திரிகைக்காகப் படம் எடுத்தார். புரூக்ளின்காரரான அந்தப் பாடகருக்கு அப்போது வயது 24. கூட வந்திருந்த தயாரிப்பாளர் ஷான் கோம்ப்ஸுக்கு ஒரே கவலை: ஆள் பார்ப்பதற்கு பர்கர் கிங் விளம்பரம் மாதிரி ஆகிவிட்டால்? மூன்றாம் நாள், மார்ச் 9 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் அந்தப் பாடகரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதன்பிறகு அந்தப் படம் பத்திரிகைக்குள் அடங்கவில்லை. சுவர், சட்டை, பச்சை குத்திய தோள்பட்டை என்று எங்கும் ஏறிவிட்டது.

அன்று எடுத்த படங்கள் எல்லாம் வரிசையாக ஒரே தாளில் இருக்கும் பிரதியும் அச்சில் வந்திருக்கிறது. நமக்குத் தெரிந்த படத்தில் அவர் முகம் இறுகியிருக்கும். அந்தத் தாளிலோ அவர் சிரிக்கிற படமும் இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சிரிப்புதான். தலையில் இருப்பது பிளாஸ்டிக் என்று அவருக்கும் தெரியும், எடுத்தவருக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். தெரிந்தும் அது ராஜா படம்தான்.

கறுப்பினப் புலம்பெயர் கலைஞர்களின் வேலைகளில் கிரீடமும் சிம்மாசனமும் முன்னங்கால் தூக்கிய குதிரையும் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகின்றன? “நாங்களும் ஒருகாலத்தில் ராஜாக்கள்தான்” என்ற பதில் உடனே கிடைக்கும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் ஆகப் பெரும்பாலோர் விவசாயிகள், கைவினைஞர்கள், போரில் பிடிபட்டவர்கள். அவர்களைப் பிடித்து விற்றதில் மேற்கு ஆப்பிரிக்க அரசர்கள் சிலருக்கும் பங்கு உண்டு. “ஆண்ட பரம்பரை” என்ற கோஷத்தைக் கேட்டே வளர்ந்த காது எனக்கு. யார் அப்படிச் சொன்னாலும் கொஞ்சம் உஷாராகிவிடும்.

ஆனால் இந்தக் கிரீடங்களின் பின்னால் வேறு ஒரு கதை இருக்கிறது. அது ஆப்பிரிக்க அரண்மனையில் தொடங்கவில்லை, அமெரிக்காவில் ஆளைக் கூப்பிடுகிற விதத்தில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அறுபது வயதுக் கறுப்பரையும் வெள்ளைக்காரப் பிள்ளை “டேய் பையா” என்கிற தொனியில் கூப்பிடும். திரு, திருமதி எல்லாம் கிடையாது, வெறும் பெயர்தான். 1963-இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற சிவில் உரிமைப் போராளி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றபோது, அரசு வழக்கறிஞர் அவரை “மேரி” என்று அழைத்தார். “மிஸ் ஹாமில்டன்” என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று அவர் நின்றுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். மறு வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு மரியாதைச் சொல்லுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில்தான் ஜாஸ் கலைஞர்கள் தங்களுக்குள் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். கிங் ஆலிவர், டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி. எவனாவது “ஏ பையா” என்று கூப்பிட நினைத்தாலும் விளம்பரப் பலகையில் இருக்கிற “டியூக்” என்ற பட்டத்தைத்தான் உச்சரிக்க வேண்டும். கரீபியன் தீவான டிரினிடாடில் இது இன்னும் குறும்பாகப் போனது. கலிப்சோ என்கிற அந்தத் தீவுப் பாட்டைப் பாடுகிறவர்கள் லார்ட் கிச்சனர், மைட்டி ஸ்பேரோ, அட்டிலா தி ஹன் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டார்கள். கிச்சனர் பிரபு என்பது பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தின் தளபதி பெயர். அதை ஒரு தெருப் பாட்டுக்காரர் எடுத்து மாட்டிக்கொண்டார், கேட்பார் இல்லை. அங்கே வருடாவருடம் “கலிப்சோ ராஜா” போட்டி நடக்கும். 1978-இல் கலிப்சோ ரோஸ் என்ற பெண் ஜெயித்துவிட, ராஜா என்ற பட்டத்தையே எடுத்துவிட்டு ஆண் பெண் இருவருக்கும் பொருந்துகிற பட்டமாக மாற்றவேண்டியதாயிற்று.

ஆகவே நியூயார்க் ஓவியர் ஜான்-மிஷேல் பாஸ்கியா 1980-களின் தொடக்கத்தில் மூன்று முனைக் கிரீடத்தை வரைய ஆரம்பித்தபோது அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. நியூயார்க் சுரங்க ரயில்களில் பெயர் எழுதுகிற பையன்களுக்குள் ஏற்கனவே ஒரு வழக்கம் இருந்தது: ஒரு தடத்தில் ஓடுகிற ரயில்களில் யார் பெயர் அதிகமோ அவன் அந்தத் தடத்துக்கு ராஜா, தன் பெயருக்கு மேல் கிரீடம் போட்டுக்கொள்ளலாம். பாஸ்கியா ரயில் பெட்டிக்காரர் இல்லை. நண்பர் ஆல் டியாஸுடன் சேர்ந்து ‘சேமோ’ என்ற பெயரில், ஓவியக் கூடங்கள் நிறைந்த சோஹோ பக்கத்துச் சுவர்களில் வாசகம் எழுதியவர். எந்தச் சுவரில் எழுதினால் யார் கண்ணில் படும் என்ற கணக்கு அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஹைட்டிக்காரர், அம்மா போர்ட்டோ ரீகோ வழி. அம்மா அவரை ஆறு வயதிலேயே புரூக்ளின் அருங்காட்சியகத்தில் சிறுவர் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். உங்கள் ஓவியங்கள் எதைப் பற்றியவை என்று 1983-இல் ஒரு பேட்டியில் கேட்டதற்கு, ராஜாங்கம், வீரம், தெரு என்று மூன்றே சொல்லில் பதில் சொன்னார்.

அவர் கிரீடத்தை நன்றாகப் பாருங்கள். மூன்று ஏற்றம், மூன்று இறக்கம், கீழே ஒரு கோடு. ஒரு மூச்சில் கிறுக்கி முடித்துவிடலாம். குத்துச்சண்டை வீரர்கள் சுகர் ரே ராபின்சன், காசியஸ் கிளே, ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் என்று தனக்குப் பிடித்தவர்களுக்கெல்லாம் அதை வாரி வழங்கினார். 1982-இல் வரைந்த ‘சார்லஸ் தி ஃபர்ஸ்ட்’ பார்க்கருக்கான படம். தலைப்போ 1649-இல் தலை வெட்டப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் பெயர். படத்துக்குள் காமிக்ஸ் நாயகன் தோர் இருக்கிறான், ‘ஓப்பரா’ என்ற சொல் இருக்கிறது, ஒளிவட்டத்துக்கு 59 சென்ட் என்று ஒரு விலைக்குறிப்பும் இருக்கிறது. அடியில் ஒரு வரி: இளம் ராஜாக்களில் பெரும்பாலோர் தலை வெட்டப்படுகிறது. அதில் ‘இளம்’ என்ற சொல்லை மட்டும் கோடு கிழித்து அடித்திருப்பார். அடித்த சொல்லைத்தான் ஜனங்கள் உற்றுப் படிப்பார்கள் என்பது அவர் கட்சி. பார்க்கர் 1955-இல் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் மதிப்பிட்டார். பாஸ்கியா 1988-இல் ஹெராயினால் இறந்தபோது வயது 27.

59 சென்ட் ஒளிவட்டம், 6 டாலர் கிரீடம். இந்த மலிவு தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ராஜாவாக ஆவதற்கு ராஜ்ஜியம் தேவையில்லை, வரைவதற்கு ஒரு எண்ணெய் வண்ணக் குச்சி போதும் என்று சொல்லும்போதே, ராஜாங்கம் என்பதே யாரோ செய்து யார் தலையிலோ வைத்த பொருள்தான் என்ற உண்மையும் சேர்ந்து வந்துவிடுகிறது. பிரான்சின் வெர்சாய் அரண்மனை ராஜாவுக்கும் அதே கதைதான், அவருடையது கொஞ்சம் கனமான கிரீடம், அவ்வளவே.

அக்கா மகன் ஒருமுறை இந்தக் கிரீடம் போட்ட டி-ஷர்ட்டில் வந்து நின்றான். “இது யார் வரைஞ்சது தெரியுமாடா?” என்றேன். “வரைஞ்சதா? கம்பெனி லோகோன்னு நினைச்சேன் மாமா” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2017 மே மாதம் பாஸ்கியாவின் 1982-ஆம் வருடத்து மண்டையோட்டு ஓவியம் ஒன்றை ஜப்பானியத் தொழிலதிபர் யுசாகு மேசாவா 110.5 மில்லியன் டாலருக்கு எடுத்தார். அதன்பிறகு அந்தக் கிரீடம் எதன்மேல் அச்சானாலும் அது விலைச்சீட்டு மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. கிரீடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் அடித்திருந்த சொற்களை விட்டுவிட்டார்கள்.

நியூயார்க்கில் வேலை பார்த்த வருடங்களில் நான் குடியிருந்த இடத்திலிருந்து புரூக்ளின் அருங்காட்சியகம் நடக்கிற தூரம். அங்கே உள்ள படங்களில் பெரும்பாலானவர்களை நிறுத்திவிடும் படம் கெஹிந்தே வைலி 2005-இல் வரைந்த ‘ஆல்ப்ஸைக் கடந்து படை நடத்தும் நெப்போலியன்’. ஒன்பது அடிக்கு ஒன்பது அடி இருக்கும். ழாக்-லூயி டாவிட் 1801-இல் வரைந்த நெப்போலியன் படத்தின் அதே குதிரை, காற்றில் பறக்கும் அதே போர்வை, மேலே நீட்டிய அதே கை. ஆனால் சேணத்தில் இருப்பது ராணுவ வண்ண உடையும் டிம்பர்லேண்ட் பூட்ஸும் தலைக்கட்டும் அணிந்த ஒரு கறுப்பு இளைஞர். வைலி அப்போதெல்லாம் ஹார்லெம் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசி, ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து, பழைய ஓவியப் புத்தகங்களிலிருந்து அவர்களையே ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்.

ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னால், வைலியின் பல படங்கள் எனக்கு அலுப்பூட்டியிருக்கின்றன. பின்னணியில் பூவேலைப்பாடு, நடுவில் கம்பீரம், அடுத்த படத்திலும் அதுவே. பழைய சட்டையை அப்படியே புது ஆளுக்கு மாட்டிவிட்டால் சட்டையின் குணம் போய்விடுமா? ஆனால் இந்தக் குறிப்பிட்ட படத்தில் இரண்டு விஷயங்கள் அதைக் காப்பாற்றுகின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் பின்னணியில் நீந்துபவை விந்தணுக்கள். வீரம், ஆண்மை என்று ஊதிவைத்த பலூனில் அவரே குத்திய ஊசி அது. இன்னொன்று பாறை. டாவிட் தன் படத்தில் கீழே உள்ள பாறையில் பொனபார்ட், ஹன்னிபால், சார்லமேன் என்று மூன்று பெயர்களைச் செதுக்கியது போல் எழுதியிருப்பார். வைலி அந்த மூன்றோடு ‘வில்லியம்ஸ்’ என்பதையும் சேர்த்தார். குதிரைமேல் இருக்கும் இளைஞரின் குடும்பப் பெயர்.

நிஜத்தில் நெப்போலியன் ஆல்ப்ஸ் கணவாயைக் கடந்தது கோவேறு கழுதைமேல். எனவே டாவிட்டின் படமே ஒப்பனைதான். 2020 ஜனவரியில் பிரான்சிலிருந்து அந்த மூலப் படத்தைக் கொண்டுவந்து வைலியின் படத்தோடு ஒரே கூடத்தில் காட்டினார்கள். மார்ச்சில் கொரோனா வந்து கதவைச் சாத்தும்வரை இரண்டு குதிரைகளையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. அந்தக் கூடத்தில் எனக்கு ஓடியது வேறு நினைப்பு. டாவிட் படம் முடித்த மறு வருடம், 1802-இல், இதே நெப்போலியன்தான் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறையைச் சட்டப்படி மீட்டுக் கொண்டுவந்தார். அதற்குச் சில மாதம் முன்பு, 1801 டிசம்பரில், தன் மைத்துனர் லெக்லேர்க் தலைமையில் ஒரு பெரும்படையை இன்றைய ஹைட்டிக்கு அனுப்பியிருந்தார். அந்தப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலை பெற்றது.

அந்தப் போரின் தளபதிகளில் ஒருவர் ஆன்றி கிறிஸ்டோஃப். இளமையில் ஒரு விடுதியில் வேலை பார்த்தவர் என்பார்கள். விடுதியின் பெயரே ‘கிரீடம்’. 1811 ஜூன் 2 அன்று வடஹைட்டியின் மன்னராக முடிசூடிக்கொண்டார். ராஜா வந்தால் பிரபுக்கள் வேண்டுமே. லிமொனாட் பிரபு, மார்மலாட் பிரபு என்று பட்டங்கள் கொடுத்தார். எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சு ஜாமும் பிரபுவாகிவிட்டன என்று ஐரோப்பா விழுந்து விழுந்து சிரித்தது. அவை பிரெஞ்சுக்காரர்களே வைத்துவிட்டுப் போன ஊர்ப் பெயர்கள் என்பதை நினைக்க யாருக்கும் நேரமில்லை. அந்தப் பிரபுக்களின் குலச் சின்னங்கள் வரைந்த ஏடு இன்றும் லண்டனில் குலச்சின்னக் கல்லூரியில் இருக்கிறது. ஹைட்டியில் பிற்பாடு வந்த ஃபாஸ்டின் சுலூக் 1849-இல் பேரரசர் ஆனபோது, நிஜக் கிரீடம் வந்துசேரும்வரை பொறுக்க முடியாமல், தங்கமுலாம் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடத்தை வைத்துக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள்.

கிறிஸ்டோஃப்பைப் பற்றி எனக்கு இரண்டு மனம். மலையுச்சியில் லாஃபெரியேர் கோட்டையை அவர் எழுப்பியது பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று; கீழே மீலோவில் சான்-சூசி அரண்மனையையும் கட்டினார். கட்டியது யார்? அடிமைமுறையிலிருந்து அப்போதுதான் மீண்ட ஜனங்கள், கட்டாய வேலையில். கல்லையும் பீரங்கியையும் அவர்கள்தான் மலையேற்றினார்கள். 1820-இல் பக்கவாதம் தாக்கிப் படுத்தார்; படையே திரும்பிக்கொண்டது; தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 1842 நிலநடுக்கத்தில் சான்-சூசி இடிந்தது. டொமினிக்கன் குடியரசில் பிறந்த, ஹைட்டி வேரும் உள்ள ஓவியர் ஃபிரேலி பாயெஸ் 2019-இல் நியூயார்க் ஹைலைன் பூங்காவில் அந்த அரண்மனையின் இடிந்த சுவர் போன்றே ஒன்றை நிறுத்தினார். கிரீடம் இல்லை, சிம்மாசனம் இல்லை, சாய்ந்து நிற்கும் சுவர் மட்டும். கறுப்பு ராஜாங்கத்தைப் பற்றி எடுத்த நேர்மையான வேலைகளில் அதை முன்வரிசையில் வைப்பேன்.

அரசியையே கையிலெடுத்தவர் ஹியூ லாக் என்ற கலைஞர். 1959-இல் எடின்பரோவில் பிறந்து, சிறுவயதில் கயானா போய், ஜார்ஜ்டவுனில் வளர்ந்து, லண்டனில் வேலை செய்பவர். கயானா விடுதலை அடைந்தது 1966-இல். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர்களைக் கப்பலேற்றிக் கரும்பு வெட்ட இறக்கிய அதே கயானா. ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தின் முன் நின்ற விக்டோரியா சிலையை 1970-இல், நாடு குடியரசான வருடம், பெயர்த்துத் தாவரவியல் பூங்காவில் போட்டுவிட்டார்கள். 1990-இல் மறுபடி கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தச் சிலை பூங்காவில் கேட்பாரற்றுக் கிடந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர் லாக். பள்ளி நோட்டு அட்டையிலும் ராணிதான் அப்போது.

அவர் செய்த ராணித் தலைகளில் ஒன்றும் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2005-இல் செய்தது, பெயர் ‘கோஹினூர்’. தூரத்திலிருந்து பார்த்தால் தபால்தலையில் பார்த்த இரண்டாம் எலிசபெத். கிட்டே போனால் முகம் கலைந்துவிடும்: பிளாஸ்டிக் பூ, பாசிமணி, பல்லி, பொம்மை வாள், பொம்மைத் துப்பாக்கி. இந்த மாதிரி வேலைகளுக்கு அவர் சாமான் பொறுக்கியது லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையின் மலிவு விலைக் கடைகளில். நிஜ கோஹினூர் கிருஷ்ணை நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். 1849-இல் லாகூரில் பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்கள். இப்போது லண்டன் கோபுரத்தில், ஒரு கிரீடத்தில் பதிந்து கிடக்கிறது.

இவர்கள் ஏன் பிளாஸ்டிக்கைத் தொட்டார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் அங்கேதான் இருக்கிறது. நிஜக் கிரீடங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. 1868-இல் எத்தியோப்பியாவின் மக்தலாவில் சூறையாடிய தங்கக் கிரீடம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். 1874-இல் குமாசியிலிருந்து அள்ளிய அசாந்தே அரச நகைகளில் சிலவற்றை 2024-இல் கானாவுக்கு அனுப்பினார்கள், மூன்று வருடக் கடனாக. சொந்தக்காரனுக்கே கடன்! அதே 2024-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஹியூ லாக்கைக் கூப்பிட்டு, தன் கிட்டங்கிப் பொருட்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தச் சொன்னது. அவரும் பொருள் ஒவ்வொன்றும் எப்படி வந்துசேர்ந்தது என்பதை எழுதி ஒட்டினார்.

கிரீடம் இருக்கவேண்டிய இடத்தில் கிரீடத்தை வைக்காமலே இதையெல்லாம் சொன்னவர் காரா வாக்கர். 2014 கோடையில், புரூக்ளினில் ஈஸ்ட் நதிக்கரையில் இடிக்கப்படவிருந்த டொமினோ சர்க்கரை ஆலைக்குள், சுமார் 35 அடி உயரம், 75 அடி நீளத்தில் ஒரு ஸ்ஃபிங்க்ஸ், அதாவது மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம், செய்தார். நுரைக் கட்டிகளின் மேல் வெள்ளைச் சர்க்கரை. எகிப்திய ஸ்ஃபிங்க்ஸ் என்றால் தலையில் ஃபாரோவின் அரசத் துணிமகுடம் இருக்கும். இவள் தலையில் சமையற்காரி கட்டும் கைக்குட்டை, நெற்றிக்கு மேல் முடிச்சு. அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் அடுப்படிகளில் நின்ற கறுப்புப் பெண்களின் அதே கட்டு. முகத்தில் ஃபாரோவுக்குரிய அலட்சியம். சுற்றிலும் கூடை தூக்கிய சிறுவர் உருவங்கள் வெல்லப்பாகு நிறத்தில். சர்க்கரையால் வார்த்தவை கோடைச் சூட்டில் உருகி, கைகால் கழன்று, தரையில் பாகு ஓடியது. பழைய ஆலையின் சுவர்களில் பல பத்தாண்டுகளாக ஊறியிருந்த வெல்ல வாடை வேறு, மூக்கில் குத்தியது.

நான் போனது கடைசி நாளான ஜூலை 6, ஞாயிறு. தெருவைச் சுற்றி வரிசை. உள்ளே அவளுடைய மார்புக்குக் கீழும் பின்புறத்திலும் நின்று இளித்தபடி செல்ஃபி எடுத்தவர்கள் ஏராளம். பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், மகளிடம் சத்தமாகவே சொன்னார்: “இவங்களுக்கு இன்னும் எதுவும் புரியலை.” மகள் அம்மாவின் தோளைத் தொட்டு அப்பால் அழைத்துப் போனாள். வாக்கர் இதை எதிர்பார்த்தே இருந்திருக்கிறார். அன்றைய கடைசி நேரக் கூட்டத்தைப் படம்பிடிக்க ஆட்களை நிறுத்தியிருந்தார், பிறகு ‘ஓர் அவை’ என்று பொருள்படும் தலைப்பில் அந்தக் காணொளியையே ஒரு படைப்பாகக் காட்சிக்கு வைத்தார். ஸ்ஃபிங்க்ஸைப் பார்க்க வந்தவர்களை இப்படி வேறு யாரோ வந்து பார்க்கும்படி ஆயிற்று. அதில் நான் இருந்தால், மற்றவர்களைப் போலவே, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன்.